ஞாயிறு பள்ளி டீச்சருக்கு யார் துணை?

மேற்குத் திண்ணை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் 14 வருஷமாக ஞாயிறு பள்ளி டீச்சராக இருக்கிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த இரண்டாம் மாசம், அப்போதிருந்த ஐயரம்மா (சபைக் குருவானவரை ஐயர் என்போம், அவர் மனைவி) என் கையில் பாடப் புத்தகத்தையும் வருகைப் பதிவேட்டையும் கொடுத்து, "பாலர் வகுப்பை நீ பாத்துக்கோம்மா" என்றார்கள். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கென்று அறை கிடையாது. கோயிலின் மேற்குத் திண்ணையில்தான் வகுப்பு. உள்ளே பாடகர் குழு ஒத்திகை நடக்கும்; கீபோர்டு சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பாடம் சொல்ல வேண்டும். பதிவேட்டில் ஐந்து டீச்சர் பெயர் இருக்கிறது. அன்று வந்தது இரண்டு பேர். இன்னொருத்தி பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, அவளும் பாதியில் டியூஷனுக்குப் போய்விட்டாள். 43 பிள்ளைகள். பாலரிலிருந்து ஏழாம் வகுப்பு வரை எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துவிட்டேன்.

மனப்பாட வசனம் மாற்கு 10:14. சார்ட்டில் எழுதித் தொங்கவிட்டிருந்தேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவனை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்துக் கடகடவென்று சொன்னான், ஒரு பிழை இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் வாய் முதல் வரியில் இருக்கிறது, விரல் மூன்றாம் வரியில் ஓடுகிறது. குனிந்து மெதுவாகக் கேட்டேன். "ஸ்கூல்ல தமிழ் இருக்கு டீச்சர். நான் பாத்துப் பாத்து எழுதிருவேன். வாசிக்கத்தான் வராது" என்று என் காதில் சொன்னான். முன்னால் இருக்கிற பையன் சொல்வதைக் கேட்டே இத்தனை நாளும் ஒப்பித்திருக்கிறான்.

இரண்டு வருஷமாக என் வகுப்பில் இருக்கிற பிள்ளை. எனக்குத் தெரியவில்லை. 43 பேரில் ஒருவனை நான் எப்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்?

வீட்டுக்கு வந்ததும், அடுத்த மாசத்திலிருந்து என்னை விட்டுவிடுங்கள் என்று ஐயருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இன்னும் கொடுக்கவில்லை, வேதாகமத்துக்குள் இருக்கிறது. எனக்கு ஆறுதல் வேண்டாம். பாலர் ஞாயிறு அன்று பொன்னாடையும் போட்டுவிட்டார்கள். உங்கள் சபையில் டீச்சருக்கு யார் துணை நிற்கிறார்கள், எப்படி நிற்கிறார்கள், அதை மட்டும் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, அந்தக் கடிதம் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கட்டும். நான் சாயர்புரம் பக்கம் தொடக்கப் பள்ளியில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஞாயிறு பள்ளியும் அதே அளவு.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு பள்ளி பிறந்ததே எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்காகத்தான். 1780இல் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரைக்ஸ் தொடங்கியபோது, அங்கே குண்டூசி ஆலைகளில் வேலை செய்த பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு நாள். அன்றைக்கு அவர்களை உட்கார வைத்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பாடப் புத்தகம் வேதாகமம். சொல்லிக்கொடுத்த பெண்களுக்கு ரைக்ஸ் சம்பளமும் கொடுத்தார். நம் நாட்டில் இந்திய ஞாயிறு பள்ளி ஒன்றியம் 1876இல் அலகாபாத்தில் ஏற்பட்டது. அதற்கும் வெகு முன்னால், 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். ஆகவே எழுத்துத் தெரியாத பையன் உங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பது உங்கள் தோல்வி இல்லை. அவன் வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறான்.

இனி வேலைக்கு வருவோம். வகுப்பு தொடங்குமுன் பத்து நிமிஷம் அவனுக்கு ஒதுக்குங்கள். அ, ஆ என்று ஆரம்பிக்க வேண்டாம், அது அவனுக்குப் பாட்டாகத் தெரியும். ட, ப, ம இந்த மூன்றிலிருந்து தொடங்குங்கள். கோடு போட வருகிற பிள்ளைக்கு இவை வரும். மூன்றும் வந்ததும் படம், மடம், பட்டம் என்று சொல்லாகிவிடும். முதல் நாளே ஒரு சொல்லை அவனாக வாசித்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். பிறகு வ, ர, க. பிறகு கால், கொம்பு. ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள். நோட்டைக் கண்டால் பயப்படுகிற பிள்ளை மணலுக்குப் பயப்படாது.

இன்னொரு சங்கதி. நம் கையிலிருக்கிற வேதாகமத்தின் நடை 1871இல் வந்த மொழிபெயர்ப்பின் நடை. 'தடைபண்ணாதிருங்கள்' என்பதை ஒரே சொல்லாக ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை எப்படி வாசிப்பான்? சார்ட்டில் எழுதும்போது தடை, பண்ணாது, இருங்கள் என்று இடம் விட்டு வெட்டி எழுதுங்கள். வசனத்தை மாற்ற வேண்டாம், பிரித்து மட்டும் காட்டுங்கள். வாசிக்க வந்தபின் சேர்த்து எழுதுங்கள். நான் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ஒவ்வொரு வெட்டுக்கும் நேர்க்கோடு போடுவேன். எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள்.

அண்ணாநகர் அம்மா எழுதியது:

வேறு பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்காதீங்க. நான் டீச்சர் இல்லை, அம்மா. என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது சண்டே ஸ்கூலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எங்கள் மேல் தப்பு உண்டு. சனிக்கிழமை டான்ஸ் கிளாஸ், ஞாயிறு காலை தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஆனால் அவள் வராமல் போய் நான்கு மாசம் ஆகியும் ஒருவர்கூட போன் பண்ணிக் கேட்கவில்லை. கிறிஸ்மஸ் நாடகத்துக்குத் தேவதை வேஷம் போட ஆள் வேண்டும் என்றபோதுதான் போன் வந்தது.

அவளிடம் கேட்டேன். "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியலன்னு எல்லார் முன்னாலயும் சிரிச்சாங்கம்மா" என்றாள். நீங்கள் குனிந்து அந்தப் பையன் காதருகில் கேட்டீர்களே, அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மகளுக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் அவள் போயிருப்பாள்.

மேற்குத் திண்ணை எழுதியது:

அக்கா, தப்பாக எடுக்கவில்லை. வராத பிள்ளைகள் வீட்டுக்கு நானும் போன் பண்ணுவதில்லை. பதிவேட்டில் 'வ' போடுவேன், வரவில்லை என்றால் ஒரு புள்ளி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரே வரிசையில் எட்டு ஞாயிறு புள்ளி விழுந்த பிள்ளைகள் ஏழு பேர். அதில் ஒரு பிள்ளையின் அப்பா இறந்துபோனது எனக்கே தெரியும். அடக்கத்துக்குப் போனேன். அதற்கப்புறம் அந்தப் பிள்ளையை நான் தேடவில்லை.

அண்ணாச்சி, மணல் யோசனை நன்றாக இருக்கிறது. தாமிரபரணி மணலை இப்போது தாம்பாளத்துக்குக்கூட யோசித்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் ரவை இருக்கிறது, அதில் ஆரம்பிக்கிறேன்.

சேகர ஊழியன் எழுதியது:

நான் குருவானவர். பெயரும் ஊரும் வேண்டாம். என் சேகரத்தில், அதாவது என் பொறுப்பிலுள்ள வட்டாரத்தில், ஏழு சபைகள். ஞாயிறு காலையில் மூன்று இடத்தில் ஆராதனை நடத்துகிறேன். முதல் கோயிலில் ஆசீர்வாதம் கூறி முடித்ததும் அங்கியோடு வண்டியில் ஏறுவேன். ஞாயிறு பள்ளி நடக்கும் நேரத்தில் எந்த ஊரிலும் நான் இருந்ததில்லை. இந்த இழையைப் படிக்கும்வரை அதை ஒரு குறையாக நினைக்கவும் இல்லை. இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சபைக் கமிட்டிகளில் நடப்பதையும் சொல்கிறேன். அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி, கறி எங்கே வாங்குவது, பந்தல் யாருக்கு என்று இரண்டு மணி நேரம் பேசுவோம். பேச வேண்டியதுதான், ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. ஆனால் ஞாயிறு பள்ளிக் கணக்கு வரும்போது, "போன வருஷம் மாதிரியே வச்சுக்கலாம்" என்று ஒருவர் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. கேட்கிற ஆள் அந்த அறையில் இல்லை என்பதுதான் காரணம். டீச்சர்கள் பெரும்பாலும் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள். கமிட்டியில் அவர்கள் கிடையாது.

நீங்கள் எழுதிய வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்." நூறு முறை பிரசங்கித்திருக்கிறேன். இடம் கொடுப்பது என்றால் மனசில் கொடுப்பது என்றே சொல்லி வந்தேன். உங்கள் திண்ணையைப் படித்தபின், நாலு சுவரும் ஒரு மின்விசிறியும் உள்ள இடத்தையும் சேர்த்துத்தான் அந்தச் சொல் கேட்கிறது என்று படுகிறது. எங்கள் சபை ஒன்றில் உடைந்த பெஞ்சுகளும் கிறிஸ்மஸ் குடில் சாமான்களும் போட்டுப் பூட்டிய அறை இருக்கிறது. அதைத் திறக்கப் போகிறேன். உங்கள் ஐயரிடமும் கேளுங்கள் அம்மா. அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியாமல் இருந்த மாதிரி.

கடலோரம் எழுதியது:

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம், கத்தோலிக்கர். எங்களுக்கு ஞாயிறு மறைக்கல்வி. பிரச்சினை அதேதான். முதல் நற்கருணை வரை கூட்டம் இருக்கும், உறுதிபூசுதல் முடிந்தால் காணோம். 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணிகளில் ஒன்றாகவே ஏற்படுத்தினார். பொதுநிலையினர் ஆணும் பெண்ணும் அதற்கு நியமிக்கப்படலாம். எங்கள் பங்குத்தந்தை அதை வாசித்த அன்று, இருபது வருஷமாகக் கடற்கரைப் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த ஓர் அம்மா எழுந்து நின்று கைகூப்பினார்கள்.

எங்களிடம் கைகொடுத்த ஒரு வழக்கம்: எந்த வகுப்பிலும் ஒரே ஆசிரியர் கிடையாது. ஒருவர் பாடம் நடத்துவார், மற்றவர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருப்பார். ஆள் பற்றாக்குறை என்றால் வகுப்புகளைக் குறைப்போம், இரண்டு பேர் என்பதைக் குறைக்க மாட்டோம். தரையில் உட்கார்ந்திருக்கிறவர் கண்ணுக்குத்தான் உங்கள் பையனின் விரல் தெரியும்.

குழந்தை நலன் எழுதியது:

கடலோரம் சொன்ன 'இரண்டு பேர்' வழக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கிறேன், வாரக்கடைசியில் வாலிபர் வகுப்பும் எடுக்கிறேன்.

ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் பூட்டிய அறையில் தனியாக இருக்கவே கூடாது. அது ஐயராக இருந்தாலும், பாடகர் குழுத் தலைவராக இருந்தாலும், நானே ஆனாலும் அப்படித்தான். வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி முகாமுக்கு வெளியூரிலிருந்து வருகிற அண்ணன் அக்காமார் யார், யார் அனுப்பினார்கள் என்று விசாரித்து எழுதி வைக்க வேண்டும். கழிப்பறைக்குச் சின்னப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக அனுப்ப வேண்டும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21ஆம் பிரிவுப்படி தண்டனை உண்டு, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருஷம் வரை சிறை. சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் காரியம் இல்லை இது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்கும், காசு கிடையாது. பிள்ளையின் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது, ஜெபக் குறிப்பாகவும் சொல்லக் கூடாது.

ஏன் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன் என்றால், நான் போய்வந்த ஒரு சபையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை டீச்சரிடம் ஒரு காரியத்தைச் சொன்னாள். டீச்சர் நம்பினார். பெரியவர்களிடம் கொண்டுபோனபோது, "சபை பேர் கெட்டுப்போகும், ஜெபம் பண்ணிக்கொள்வோம்" என்றார்கள். அந்த டீச்சர் தனி ஆளாகக் காவல் நிலையத்துக்குப் போனார். மூன்று மாசம் சபையில் அவரோடு ஒருவரும் பேசவில்லை. டீச்சருக்குத் துணை யார் என்ற உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

கிழக்கு வாசல் எழுதியது:

சகோதரருக்கு ஒரு வார்த்தை. ஊழியம் செய்ய வருகிற ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடு பார்த்தால் யார் முன்வருவார்கள்? ஏற்கெனவே ஆள் கிடைக்கவில்லை. அன்பில் பயமில்லை.

குழந்தை நலன் எழுதியது:

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது நல்ல டீச்சருக்கும் காவல்தான். நாளைக்கு யாராவது ஒரு பழியைச் சுமத்தினால், கூட இருந்த ஒருவர் சாட்சி சொல்வார். பிள்ளைக்கும் காவல், டீச்சருக்கும் காவல். இதைச் சொன்னதால் எங்கள் வகுப்புக்கு வர மறுத்தவர் இதுவரை ஒருவர். அவர் வராமல் போனதற்கு நான் வருத்தப்படவில்லை.

தாம்பரம் பையன் எழுதியது:

எனக்கு 22 வயசு. நீங்க எல்லாரும் பேசுற அந்தக் 'காணாமப் போன' கூட்டத்துல நானும் ஒருத்தன். சொந்த ஊர் தெற்கே. பதினாலு வயசுல திடப்படுத்தல், சபையில முழு அங்கத்தினரா சேர்க்கிற சடங்கு. வெள்ளைச் சட்டை, பேராயரோட போட்டோ, வீட்ல பிரியாணி. அடுத்த ஞாயிறுலேர்ந்து எங்களுக்கு வகுப்பே இல்ல. சீனியர் வகுப்பு முடிஞ்சாச்சு, வாலிபர் ஐக்கியத்துல முப்பது வயசு அண்ணனுங்க. நாங்க எங்க போறது? கோயில் காம்பவுண்டு சுவர்ல உக்காந்து போன் பாத்துட்டு இருந்தோம்.

நான் சபைய விட்டே போகலாம்னு நினைச்ச வாரம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பல சபைகள் சேந்த திருமண்டலத்துக்குத் தேர்தல் நேரம். ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்தவங்க, "நம்மாளு"ன்னு சாதியச் சொல்லிக் கேட்டாங்க. அதே ஞாயிறு என் தங்கச்சி வகுப்புல நல்ல சமாரியன் பாடம். எனக்கு வந்த கோவத்துல என் பழைய டீச்சர்கிட்ட போயி, "இதெல்லாம் எதுக்கு டீச்சர் சொல்லிக்குடுக்கறீங்க?"ன்னு கத்திட்டேன். அவங்க பதில் வசனம் எடுக்கல. "நீ சொல்றது சரி, அது தப்புதான். எனக்கும் வெக்கமா இருக்கு"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். ஒரு பெரியவங்க வாயில இருந்து தப்புன்னு வந்ததே, அதுக்காகத்தான் நான் இன்னும் கோயிலுக்குப் போறேன்.

அவங்க இன்னும் என் ஒவ்வொரு பரீட்சைக்கும் காலைல மெசேஜ் போடுவாங்க. நான் இருபது தடவ பதில் போடல. இருபத்தொண்ணாவது தடவையும் வந்துச்சு.

டீச்சரக்கா, நான் தாம்பரத்துல ஒரு சபைல இப்ப பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்களோட இருக்கேன். பாடம்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஞாயிறு சாயங்காலம் கிரவுண்டுல விளையாடுவோம், அப்புறம் ஒரு நற்செய்திப் பகுதிய வாசிச்சு, அவனுங்க என்ன கேட்டாலும் திட்டாம கேப்போம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுவேன், அடுத்த வாரம் கேட்டுட்டு வந்து சொல்லுவேன்.

மட்டுநகர் எழுதியது:

வணக்கம். நான் மட்டக்களப்பில இருந்து எழுதுறன். இரண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருந்தனான், எழுதுறதா விடுறதா எண்டு யோசிச்சன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கட ஊர் சீயோன் தேவாலயத்தில ஞாயிறு பாடசாலை முடிஞ்சு பிள்ளையள் வெளியில நிண்ட நேரம் குண்டு வெடிச்சது. செத்ததில கனபேர் பிள்ளையள். நான் வேற சபை, அதே பட்டினம். எங்கட பிள்ளையளுக்கு அங்க பள்ளிக்கூடச் சிநேகிதங்கள் இருந்தவை.

அதுக்குப் பிறகு கன கிழமையா எங்கட வகுப்புக்கு ஒருத்தரும் வரேல்ல. திரும்பத் துவங்கினபோது தாய் தகப்பன்மார் வாசல்லயே நிண்டவை. முதல் நாள் ஒரு சின்னப் பிள்ளை என்னட்டக் கேட்டுது, "டீச்சர், இயேசப்பா அண்டைக்கு அங்க நிண்டவரோ?" எனக்கு மறுமொழி வரேல்ல. "எனக்கும் தெரியேல்ல ராசாத்தி" எண்டு சொல்லிப்போட்டு, கடதாசியும் கலர்ப் பென்சிலும் குடுத்து எல்லாரையும் கீறச் சொன்னன். எல்லாரும் வாசல்களையே கீறினவை. திறந்த வாசல், பூட்டின வாசல், பொலிஸ் நிக்கிற வாசல்.

பிள்ளையளுக்குக் கதைக்க உளவள ஆலோசகர்மார் வந்தவை, நல்லது. எனக்கு நித்திரை போய் ஆறு மாசம், அதை ஒருத்தரும் கேக்கேல்ல, நானும் சொல்லேல்ல. பிறகு எங்கட சபையில ஒரு வயசான அம்மா, வகுப்பு முடியிற நேரம் ஒரு பிளாஸ்க்கில தேத்தண்ணி கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில இருக்கத் துவங்கினா. ஒண்டும் கேக்கமாட்டா. நான் கதைச்சாக் கேப்பா, கதைக்காட்டிச் சும்மா இருப்பா. இண்டைக்கும் வாறா. நீங்கள் கேட்டது துணை எப்பிடி நிக்கிறது எண்டு. எனக்குத் தெரிஞ்சது இதுதான்.

பழைய வாத்தியார் எழுதியது:

அம்மா, படித்துவிட்டுச் சற்று நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்கிறேன்.

குமரி மழை எழுதியது:

வி.பி.எஸ். பற்றி ஒரு வரி. 1898இல் நியூயார்க்கில் ஒரு அம்மா, கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஆரம்பித்த வேலை அது. இடம் கிடைக்காமல் ஒரு மதுக்கடைக் கூடத்தை வாடகைக்கு எடுத்தார்களாம். எங்கள் ஊரில் இன்று மே மாசம் பத்து நாள் மைக் செட், டீ சட்டை, கொடி, பவனி, முந்நூறு பிள்ளைகள். நானும் ஆக்‌ஷன் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள்தான், அந்தப் பத்து நாளை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பதினோராம் நாள் அந்த முந்நூறு பேரின் பட்டியல் எங்கே போகிறது? எங்கள் சபையில் பீரோவுக்குள் போனது. இந்த வருஷம் அதை வாங்கி ஐந்து டீச்சருக்குப் பிரித்திருக்கிறோம். டீ சட்டைக்கு வைத்த பணத்தில் பாதியை எடுத்து, வீடுகளுக்குப் போய்வர ஆட்டோச் செலவுக்கு வைத்தோம். கமிட்டியில் சண்டை போட்டுத்தான் வாங்கினோம்.

மேற்குத் திண்ணை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆசை, நேரம் அமையவில்லை.

ஐயரைப் போய்ப் பார்த்தேன். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்கவில்லை, இந்த இழையிலிருந்து சிலதைக் கையால் எழுதிக் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, "ஒத்திகையை வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாத்திக்கலாமான்னு பாடகர் குழுவுல கேக்கிறேன்" என்றார். கேட்டார், மாற்றிவிட்டார்கள். இத்தனை வருஷம் நான் கத்தினேன், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அறை இன்னும் கிடைக்கவில்லை. கமிட்டியில் இரண்டு பேர் யோசிக்கலாம் என்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு டீச்சர்கள் சார்பில் நான் வந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

'இரண்டு பேர்' வழக்கத்துக்காக வகுப்புகளை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டோம். பெண்கள் ஐக்கியத்திலிருந்து மூன்று அம்மாக்கள் வருகிறார்கள். பாடம் எடுக்க வராது என்று முதலில் தயங்கினார்கள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தால் போதும் என்றேன். உட்கார்கிறார்கள். அவர்களில் ஒருவர் முதல் நாளே, இன்னொரு பெண் பிள்ளைக்கும் வாசிக்க வரவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

புள்ளி விழுந்த ஏழு வீட்டில் நாலு வீட்டுக்குப் போய் வந்தேன். அப்பா இறந்த பிள்ளை என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிப் போய்விட்டது. அதன் அம்மா காப்பி போட்டுக் கொடுத்தார்கள். நான் எழுந்து செருப்பு மாட்டும்போது கதவுக்குப் பின்னால் நின்று, "அடுத்த வாரம் என்ன கதை?" என்று கேட்டது.

பையன் விஷயம். ஞாயிறு எட்டேகாலுக்கே வந்துவிடுகிறான். ரவைத் தாம்பாளத்தில் ட, ப, ம, வ, ர, க, ன வரை வந்தாயிற்று. 'மரம்' வாசித்தான். 'கடன்' என்று வாசித்துவிட்டு, அது எங்கள் வீட்டில் இருக்கிறது என்றான். வசனத்தில் 'இடம்' என்று நான் வெட்டிப் பிரித்து எழுதியதைப் போன ஞாயிறு தானாக வாசித்தான், இந்தத் தடவை விரலும் அங்கேயே இருந்தது. 'கொடுங்கள்' இன்னும் வரவில்லை, கொம்பும் காலும் சேர்ந்து வருவதில் குழம்புகிறான்.

அண்ணாச்சி, அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? கொம்பை முதலில் தனியாகக் காட்டவா, இல்லை கெ, கொ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடவா? இந்த ஞாயிறுக்கு முன்னால் சொன்னால் நல்லது.